ஆம்பருக்குள் ஒரு மில்லிமீட்டர் குளவி: எஸ்.பி. ரோட்டு 7–45 மடங்கு டிரைநாகுலர் செட் எதுவரை தாங்கும்?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் 7 முதல் 45 மடங்கு வரை ஜூம் ஆகும் டிரைநாகுலர் (கண்ணுக்கு இரண்டு, கேமராவுக்கு ஒன்று என மூன்று குழாய் கொண்ட) ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் செட் கிடைக்கும். போன் போர்டில் சால்டரிங் செய்பவர்களுக்காக வந்த சாமான் அது. பெயர் கடைக்குக் கடை மாறினாலும் உள்ளே இருக்கும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஆம்பர் கற்களில், அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசினில், பூச்சி பார்க்கும் ஆர்வம் வந்தவர்களும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். அதனால் இங்கே ஒரே கேள்வியை வைத்து இதை எடைபோட்டிருக்கிறோம்: ஆம்பருக்குள் இருக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைப் புதிய இனம் என்று விவரித்து எழுத, இந்த செட் எதுவரை கைகொடுக்கும்?

நேராகவே சொல்லிவிடுகிறோம். கல்லைப் புரட்டிப் பூச்சியைத் தேட, தேய்த்துத் தட்டையான முகம் எடுக்க, குளவி எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்க, உடல் நீளம் அளக்க இது நல்ல கருவி. விவரணைக்கு வேண்டிய கடைசிக்கட்டப் படங்களுக்கும் நுண்ணிய எண்ணிக்கைகளுக்கும் போதாது. எங்கே போதவில்லை என்று தெரிந்துவிட்டால் மீதிப் பணத்தை எதில் போடுவது என்பதும் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் கடைக்காரர் காட்டும் கூடுதல் சாமானாக இருக்காது.

பெட்டியில் வருபவை: 0.7 முதல் 4.5 வரை ஜூம் தலை, 10 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இரண்டு, 0.5 மடங்கு துணை லென்ஸ், 144 எல்.இ.டி. ரிங் லைட், கேமராவை மாட்டும் 0.5 மடங்கு இணைப்பு (சி-மவுன்ட்), தூண் ஸ்டாண்டு அல்லது நீண்ட கை வைத்த பூம் ஸ்டாண்டு. கேமரா சில இடங்களில் சேர்த்தி, சில இடங்களில் தனி. துணை லென்ஸ் இல்லாமல் லென்ஸுக்கும் கல்லுக்கும் இடையே ஏறக்குறைய 100 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 7 மடங்கில் 28 மி.மீ. அகலத்துக்கும், 45 மடங்கில் 4.4 மி.மீ. அகலத்துக்கும் காட்சி தெரியும். தேடுவதற்கு இந்த வீச்சு அருமையாகப் பொருந்துகிறது. ஒரு கைப்பிடிக் கற்களை 7 மடங்கில் அலசிவிட்டு, சந்தேகம் வந்த இடத்தில் அப்படியே 45-க்குப் போகலாம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் எது பூச்சி, எது குமிழி, எது மண்துகள் என்பது ஆழத்தோடு பிரிந்து தெரியும். இந்த வேலைக்கு மொபைல் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் எதுவும் பக்கத்தில் வராது.

0.5 மடங்கு துணை லென்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சால்டரிங் அயர்ன் உள்ளே நுழைய இடம் வேண்டும் என்பதற்காக வந்தது அது. இடைவெளியைக் கூட்டிவிட்டு, நுட்பத்தை, அதாவது நுண்ணியதைப் பிரித்துக் காட்டும் திறனை, பாதியாக்கும்.

இனி முக்கியமான விஷயம். 45 மடங்கு என்ற எண்ணை விட, லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதுதான் பெரிது. அதைக் குறிக்கும் எண், இந்த வகைத் தலைகளில் முழு ஜூமில் ஏறக்குறைய 0.1. பச்சை ஒளியில் கணக்குப் போட்டால், 3.4 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நெருக்கமாக இருக்கும் இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். சாதாரண கல்லூரி மைக்ராஸ்கோப்பின் 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் (மாதிரிக்கு அருகே இருக்கும் லென்ஸ்) அந்த எண் 0.25. அங்கே எல்லை 1.3 மைக்ரான்.

இந்த வித்தியாசம் குளவியில் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். பூச்சி முட்டைகளுக்குள் முட்டையிடும் ஸ்கெலியோனிடே குடும்பத்துக் குளவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு மில்லிமீட்டர். பெண் குளவியின் உணர்கொம்பு நுனியில் கதாயுதம்போலப் பருத்திருக்கும். கணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் அது. இக்குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாக 12 கணுக்கள். டெலினோமஸ் பேரினத்துக்கும் அதன் உறவினர்களுக்கும் பெரும்பாலும் 11. பேரினம் எது என்பதே அந்த ஒரு கணுவில் தொங்கும். இந்த செட்டில் முழு ஜூமில் பார்த்தால் பருத்த நுனிப் பகுதி ஒரே கருப்புக் கட்டி. ஓரத்தில் லேசான நெளிவு மட்டும் தெரியும். அதை வைத்து எண்ணினால் ஐந்து என்றும் ஆறு என்றும் மாறி மாறி வரும். அதே கல்லை 10 மடங்கு ஆப்ஜெக்டிவின் கீழ் வைத்து, கீழிருந்து ஒளியைச் சற்றுச் சாய்வாக விட்டால், கணுக்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பொருத்துக்கோடுகள் வெளிச்சமாகப் பிரிந்து நிற்கும். தாடையின் பற்கள், கால் நுனி நகத்தின் வடிவம், நடு உடலின் மேல்பரப்பில் இருக்கும் வலைப்பின்னல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கடையில் 20 மடங்கு ஐபீஸ் தருகிறேன், 90 மடங்கு ஆகிவிடும் என்பார்கள். வாங்காதீர்கள். தெரிந்ததே பெரிதாகும், தெரியாதது தெரியாது. 2 மடங்கு துணை லென்ஸ் வேறு விஷயம். அது ஒளி வாங்கும் கோணத்தையே கூட்டுவதால் நுட்பம் உண்மையாகவே ஏறும். ஆனால் இடைவெளி 30 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, ரிங் லைட்டின் வெளிச்சம் குளவிமேல் விழாமல் போகிறது. விளிம்புகளில் ஊதா நிறக்கோடும் வருகிறது. இந்தத் தலைகளில் இரண்டு குழாய்களும் செங்குத்தாக இல்லாமல் ஆளுக்கு ஐந்தாறு பாகை சாய்ந்து பார்க்கின்றன. 2 மடங்கு லென்ஸ் போட்டால் அந்தச் சாய்வும் கூடும். ஆம்பரின் தட்டை முகத்தைச் சாய்வாக ஊடுருவும் ஒளி நிறம் பிரிந்து வரும். ஆகவே இந்த லென்ஸுக்குத் தரும் பணத்தை ஒரு பழைய கல்லூரி மைக்ராஸ்கோப்புக்குச் சேமிப்பது மேல் என்பது எங்கள் தீர்மானம்.

கேமராவுக்கு வருவோம். 18 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிய எழுத்து இருக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அண்ணே, மெகாபிக்சல் இருக்கட்டும், பிக்சல் சைஸ் எவ்வளவு?" 1.25 மைக்ரான் பிக்சல் உள்ள 18 மெகாபிக்சல் கேமராவை 0.5 மடங்கு மவுன்டோடு முழு ஜூமில் வைத்தால், ஒரு பிக்சல் கல்லில் 0.56 மைக்ரானைப் பிடிக்கிறது. லென்ஸால் பிரிக்க முடிந்ததே 3.4 மைக்ரான். அதைப் பதிவு செய்ய 1.7 மைக்ரானுக்கு ஒரு பிக்சல் போதும். அதாவது நீள அகலம் இரண்டிலும் மூன்று மடங்கு மிச்சம். கணக்குப்படி 2 மெகாபிக்சலே இங்கே போதுமானது. அதனால் பிக்சல் எண்ணிக்கைக்குக் கூடுதல் பணம் தராமல், படங்களைச் சுருக்காமல் சேமிக்கிறதா, எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கேமராக்களில் பல, திரைக்கு 1080 வரியே அனுப்புகின்றன. பெரிய எண் மென்பொருளில் ஊதிப் பெருக்கியது. ஒரே நேரத்தில் மெல்லிய தளமே கூர்மையாக வருவதால், வெவ்வேறு ஆழத்தில் ஃபோகஸ் செய்து எடுத்த படங்களை அடுக்கி ஒன்றாக்குவார்கள். எக்ஸ்போஷரைப் பூட்ட முடியாத கேமராவில் எடுத்தவற்றை அப்படி அடுக்கும்போது, ஒவ்வொரு தளத்திலும் வெளிச்சம் மாறிப் பின்னணியில் பட்டைபட்டையாக விழும்.

படங்களை அடுக்குவதில்தான் இந்த செட்டின் பெரிய குறை வெளிப்படுகிறது. நுண் ஃபோகஸ் கிடையாது. இருப்பது ஒரே கனமான குமிழ். அதில் அளவுக்கோடும் இல்லை. போர்டு பார்க்க அது போதும். முழு ஜூமில் கூர்மையாகத் தெரியும் தளத்தின் தடிமன் ஏறக்குறைய 55 மைக்ரான்தான். அப்படியானால் படத்துக்குப் படம் 30 மைக்ரான் நகர்த்த வேண்டும். அந்தக் குமிழை அவ்வளவு சன்னமாக நகர்த்த எந்தக் கையாலும் ஆகாது. நல்ல மாற்று வழி உண்டு. 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் ஒன்றைக் காந்த அடித்தளத்தோடு வாங்கி, அதன் முனை ஃபோகஸ் தலையைத் தொடும்படி ஸ்டாண்டின் அடித்தட்டில் பொருத்துங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று முள் சொல்லிவிடும். அல்லது தலையை அசையாமல் விட்டு, கல்லை ஒரு சிறிய மைக்ரோமீட்டர் மேடையில் ஏற்றி இறக்குங்கள். இது இன்னும் மேல்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54. காற்றிலிருந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது உண்மையைவிட மேலே தெரியும். தலை 0.20 மி.மீ. இறங்கினால் ஃபோகஸ் கல்லுக்குள் 0.31 மி.மீ. இறங்கியிருக்கும். ஆழம் எதை அளந்தாலும் 1.54-ஆல் பெருக்க வேண்டும். குளவியைப் பக்கவாட்டில் அளந்தால் இது தேவையில்லை; மேலிருந்து பார்த்து உடல் உயரத்தைச் சொல்லும்போது தேவை. பெருக்காமல் எழுதிய உயரம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இனத்தைப் பிரிக்கும் அடையாளமாகப் போனால், அந்தப் பிழை அச்சில் நிலைத்துவிடும்.

எண்ணிக்கையையும் இதே கணக்கில் திட்டமிடலாம். 0.4 மி.மீ. தடிமனான குளவிக்குத் தலை 0.26 மி.மீ. நகர வேண்டும். இந்த செட்டில் பத்துப் பன்னிரண்டு படம் போதும். கல்லூரி மைக்ராஸ்கோப்பின் 10 மடங்கில் 5 மைக்ரானுக்கு ஒன்று என்று ஐம்பதுக்கு மேல் எடுக்க வேண்டும். அங்கே நுண் ஃபோகஸ் குமிழின் ஒரு கோடு பெரும்பாலும் 2 மைக்ரான், அதனால் கை நடுங்காது. சாய்ந்த குழாய் வழியே எடுக்கும் படங்களில் இன்னொரு தொல்லை: ஆழம் மாற மாறக் காட்சி பக்கவாட்டில் நகரும். தலை ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. படங்களை அடுக்கும் மென்பொருள்களான ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் படத்தைச் சுற்றி விளிம்பு வெட்டுப்படும், ஆகவே குளவியைச் சட்டத்தின் ஓரம்வரை நிரப்பாதீர்கள்.

ரிங் லைட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பாலிஷ் செய்த ஆம்பர் முகத்தில் 144 வெள்ளைப் புள்ளிகளும் அப்படியே பிரதிபலிக்கும். சரியாகக் குளவியின் தலைமேல் வந்து உட்காரும். வெளிச்சத்தைக் குறைத்தால் பல லைட்டுகள் துடிக்கத் தொடங்கிக் கேமராவில் கருப்புப் பட்டைகள் ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, எக்ஸ்போஷர் நேரத்தைக் குறைப்பதே வழி. புள்ளிகளை மறைக்க, டிரேசிங் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கல்லைச் சுற்றி நிறுத்துங்கள். ஒளி நேரே விழாமல் பேப்பரில் பட்டு வரட்டும். இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கிறது. இறக்கை நரம்புகளுக்குக் கீழிருந்து வரும் ஒளி வேண்டும். தூண் ஸ்டாண்டில் கண்ணாடித் தட்டும் அடிவிளக்கும் இருந்தால் சரி. பூம் ஸ்டாண்டில் அது கிடையாது. ஒரு சிறிய எல்.இ.டி. பேனலை வெள்ளை அக்ரிலிக் தகட்டின் அடியில் வைத்து, தகட்டின் பாதியைக் கருப்பு அட்டையால் மூடினால் சாய்வொளி கிடைக்கும். இறக்கையின் முன்விளிம்பு நரம்பு, அதிலிருந்து கிளம்பும் சிறு கிளை, அதற்கப்பால் ஓடும் நரம்பு ஆகியவற்றின் நீள விகிதம்தான் ஸ்கெலியோனிடே, சால்சிட் வகைக் குளவிகளில் முதலில் எழுதப்படும் அடையாளம். நேரொளியில் கண்ணுக்கே படாத நரம்பு, பாதி மறைத்த ஒளியில் எழுந்து நிற்கும்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கல்லை இருட்டில் காட்டினால் ஆம்பர் நீலமாக ஒளிரும். இரண்டு துண்டை ஒட்டி நடுவில் பூச்சி வைத்த போலியில் பசைக்கோடு வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். மெல்லிய விரிசல்களையும் இது காட்டிக்கொடுக்கும். உப்பு நீரில் மிதக்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கெட்டியான உப்புக் கரைசலில் ஆம்பரும் மிதக்கும், இளம் பிசினான கோபாலும் மிதக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும்.

இத்தனை சொன்ன பிறகும், படம் மங்கலாக வருகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மைக்ராஸ்கோப் காரணமே இல்லை. கல்லின் மேற்பரப்புதான் காரணம். உருண்டைக் கல்லின் வளைந்த முகமே ஒரு கோணல் லென்ஸ்; அதற்குப் பின்னால் எவ்வளவு நல்ல ஆப்ஜெக்டிவ் வைத்தாலும் பயனில்லை. குளவியின் பக்கவாட்டுக்கோ முதுகுக்கோ இணையாக ஒரு தட்டை முகம் எடுத்தாக வேண்டும்.

அதற்கான சாமானை ஜே.சி. ரோட்டு ஆட்டோ பெயின்ட் கடைகளில் வாங்கலாம்: வாட்டர் பேப்பர் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 1200, 2000, 3000, 5000; எண் கூடக் கூட மணல் சன்னம். பேப்பரைத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்க்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் முகம் மறுபடியும் வளைந்துவிடும். ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய திசையின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்ததுக்குப் போகலாம். இதைப் பார்த்துச் சொல்வதில் இந்த செட் கெட்டி, 20 மடங்கிலேயே தெரிந்துவிடும். பேப்பர் மாற்றும்போது கல்லையும் கண்ணாடியையும் கையையும் கழுவாவிட்டால், 1200-இன் ஒரு மணல் 5000 பேப்பரில் ஏறி முகத்தைக் கோடு போட்டுவிடும். கடைசியாகப் பருத்தித் துணியில் அலுமினியம் ஆக்சைடு பசை. மோட்டார் சக்கரம் வேண்டாம். பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் ஆம்பரின் கடினத்தன்மை 2 முதல் 2.5 தான். உராய்வுச் சூட்டில் மேற்பரப்பு இளகி இழுபடும். உள்ளே அழுத்தமும் விரிசலும் உண்டாகும்.

எப்போது நிறுத்துவது? டயல் கேஜ் இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. முகத்திலிருக்கும் ஒரு தூசியில் ஃபோகஸ் வையுங்கள், பிறகு குளவியின் மிக உயர்ந்த புள்ளியில் வையுங்கள். முள் காட்டும் வித்தியாசத்தை 1.54-ஆல் பெருக்குங்கள். 0.3 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். இறக்கை நுனியும் உணர்கொம்பும் உடலைவிட மேலே தூக்கி நிற்பது வழக்கம். உடலை மட்டும் பார்த்துத் தேய்ப்பவர்கள் இழப்பது அந்த உணர்கொம்பைத்தான். போன கணு திரும்ப வராது.

பாலிஷுக்குப் பிறகும் மிஞ்சும் மெல்லிய கீறல்களை ஒரு சொட்டுக் கிளிசரினும் கவர்ஸ்லிப்பும் மறைத்துவிடும். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47. சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு சேர்த்த பாகும் ஏறக்குறைய 1.46 தரும், இரண்டுமே தண்ணீரில் கழுவினால் போய்விடும். கிராம்பு எண்ணெய் 1.53 என்று ஆம்பருக்கு மிக நெருக்கமாக இருக்கிறதே என்று தோன்றலாம். அதுவும் சைலீன், ஆல்கஹால், அசிட்டோனும் கல்லின் பக்கமே வரக் கூடாது. முக்கியமாகக் குஜராத்தின் வஸ்தான், தட்கேஷ்வர் லிக்னைட் சுரங்கங்களிலிருந்து வரும் கேம்பே ஆம்பர் கரைப்பான்களில் கரையும் இயல்புடையது. டொலுயீன், குளோரோஃபார்ம் கொண்டு அதிலிருந்து பூச்சிகளை முழுதாக வெளியே எடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 5 கோடி ஆண்டு பழமையான, நம் நாட்டு ஆம்பர் அது. இன்னொரு எச்சரிக்கை: விரிசல் ஒன்று குளவிவரை ஓடினால் கிளிசரினும் வைக்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். திரவம் புகுந்தால் குளவியின் தோற்றமே மாறும். அப்படிப்பட்ட கல்லை முதலில் வெற்றிட அறையில் தெளிவான எபாக்சியில் பதிக்க வேண்டும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் ரெசின் கெட்டியாகும்போது சூடாகும், சில ஆண்டில் மஞ்சளாகும். ஒரே ஒரு மாதிரி இருக்கும் கல்லில் அதை முயல வேண்டாம்.

பால்டிக் ஆம்பரில் குளவியின் ஒரு பக்கம் பால்போல வெண்மை மூடியிருந்தால் லைட்டையோ லென்ஸையோ குறை சொல்லாதீர்கள். பூச்சியின் உடலிலிருந்து கசிந்தவை உண்டாக்கிய நுண்குமிழிப் படலம் அது. எந்த பாலிஷாலும் போகாது. மறுபக்கத்திலிருந்து முகம் எடுப்பதே வழி. வட்ட வட்டமாகத் தட்டுகள் மின்னும் கல் என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. நகைக்கு அழகு, ஆய்வுக்கு ஆகாது.

அளவீட்டுக்கு ஒரு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் அவசியம்: ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்த கண்ணாடித் துண்டு. ஜூம் குமிழில் ‘டக்’ என்று நிற்கும் இடம் இல்லாத தலைகளில், 3-இல் வைத்தோம் என்று நினைப்பது 2.9-ஆகவும் இருக்கும். அளவெடுக்க முழு ஜூமை மட்டும் பயன்படுத்துங்கள். குமிழ் முட்டி நிற்கும் இடம் அது, மாறாது. அங்கே ஒருமுறை அளவுகோலைப் படம் பிடித்து, படத்தில் அளவெடுக்கும் ஃபிஜி மென்பொருளில் பதிந்துகொண்டால் போதும். கேமரா மவுன்டைக் கழற்றி மாட்டினால் மீண்டும் பதிய வேண்டும். குளவி சாய்ந்து கிடந்தால் அதன் நீளம் குறைந்தே தெரியும். தலைப் பக்கமும் வால் பக்கமும் ஒரே ஃபோகஸில் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் கல்லை களிமண் மேடையில் சற்றுச் சாய்த்துச் சமப்படுத்திவிட்டு அளக்கவும்.

சரி, படமும் அளவும் வந்துவிட்டன. புதிய இனம் என்று எழுதிவிடலாமா? செட்டோடு சம்பந்தமில்லாத பகுதி என்று தோன்றும். ஆனால் எந்தக் கல்லில் இந்த உழைப்பைப் போடுவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, 1999-க்குப் பிறகு வெளிவரும் புதிய இனப்பெயருக்கு ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி) எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும்; அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் தேவை. 2012 முதல் இந்த வழி திறந்திருக்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் கல்லை ஹோலோடைப் ஆக்கினால் நல்ல ஆய்விதழ் ஏற்காது. நிறுவனத்தோடு பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தாள் வேண்டும். ஆன்லைனில் அதிகம் விற்பது மியான்மரின் கச்சின் மாநிலத்து ஹுகாவுங் பள்ளத்தாக்கு ஆம்பர். 9.9 கோடி ஆண்டுப் பழமை. ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அதைவிட வளமான படிவம் அரிது. 2025-இல் விவரிக்கப்பட்ட சைரனோபெத்திலஸ் கரிப்டிஸ் அங்கிருந்து வந்ததுதான். வயிற்று நுனியில் பூச்சிபிடிக்கும் செடிபோல மடிப்புகள் கொண்ட அந்தக் குளவியின் அமைப்பை மைக்ரோ-சிடி (எக்ஸ்-ரே மூலம் எடுக்கும் முப்பரிமாண) படங்களின் துணையோடுதான் விளக்கினார்கள். ஆனால் 2017-இல் மியான்மர் ராணுவம் அந்தச் சுரங்கப் பகுதிகளைக் கைப்பற்றியது. 2020-இல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம், மோதல் பகுதியிலிருந்து வரும் அந்த ஆம்பரைப் பற்றி ஆய்விதழ்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே எழுதியது. எப்போது தோண்டியது, எப்படி வெளியே வந்தது என்ற ஆவணம் இல்லாத கச்சின் கல்லை வாங்காதீர்கள். எவ்வளவு அழகான குளவி உள்ளே இருந்தாலும் சரி. பழகுவதற்கு வாங்கிய இடமும் ரசீதும் தெளிவாக இருக்கும் பால்டிக் கற்கள் போதும்.

பெங்களூரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையத்தின் சேகரிப்பில், இன்று வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஏராளம். முட்டை ஒட்டுண்ணிகளான ஸ்கெலியோனிடே வகைகளில் ஆழ்ந்த வேலை நடந்த இடம் அது. ஆம்பர் குளவியை இன்றைய பேரினங்களோடு ஒப்பிடாமல் புதியது என்று சொல்லவே முடியாது. முறைப்படி எழுதி அனுமதி கேளுங்கள். போகும்போது கல்லை மட்டும் எடுத்துப் போகாமல், மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னிருந்து எடுத்த மூன்று படங்களும் அளவுகோலோடு கையில் இருக்கட்டும். அந்த மூன்று படங்களின் முதல் வடிவத்தை இந்த செட்டே தரும்.

ஆகவே வாங்கும் வரிசை எங்கள் கணக்கில் இப்படி: தூண் ஸ்டாண்டு வைத்த ஜூம் செட், கேமரா இல்லாமல். அடுத்து டயல் கேஜ், ஸ்டேஜ் மைக்ரோமீட்டர், வாட்டர் பேப்பர். அதற்கப்புறம் 4, 10 மடங்கு ஆப்ஜெக்டிவ்கள் நன்றாக இருக்கும் ஒரு பழைய கல்லூரி மைக்ராஸ்கோப். கேமரா கடைசியில், இரண்டிலும் மாட்டக்கூடிய சி-மவுன்ட் கேமராவாக ஒன்றே போதும். 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஆம்பருக்கு உதவாது. அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் தரும். அது கவர்ஸ்லிப் தடிமனுக்கென்றே செய்தது. 20 மடங்கு வேண்டுமானால் நீண்ட இடைவெளி தரும் உலோகவியல் வகையைத் தேடுங்கள். குழாய் நீளம் உங்கள் மைக்ராஸ்கோப்போடு பொருந்துகிறதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பூம் ஸ்டாண்டைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் ஆட்டம். நீண்ட கையின் நுனியில் தலை தொங்குவதால், மேசையில் கை பட்டாலே 45 மடங்கில் காட்சி அலைகிறது. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து அறையில் மிக்ஸி ஓடினாலும் தெரியும்.

கடையில் பணம் தருவதற்கு முன் செய்ய வேண்டியவை: ஒரு ரூபாய் நோட்டை அடியில் வைத்து முழு ஜூமில் ஃபோகஸ் செய்துவிட்டு, அப்படியே 7 மடங்குக்கு வாருங்கள். நடுவில் மங்கக் கூடாது. மங்கினால் ஐபீஸ் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வேறு தலை கேளுங்கள். அடுத்து ஒரே எழுத்தை இடக்கண், வலக்கண் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எழுத்து மேலும் கீழும் தாவினால் குழாய்கள் நேராக இல்லை; அரை மணி நேரத்தில் தலைவலி வரும், வீட்டில் அதைச் சரிசெய்ய முடியாது. மூன்றாவது குழாயில் கேமரா மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐபீஸில் கூர்மையாக இருக்கும்போது திரையிலும் கூர்மையாக வர வேண்டும். சில தலைகளில் கேமராவுக்கு ஒளி தரும் லீவரை இழுத்தால் ஒரு ஐபீஸ் இருண்டுவிடும். இரண்டு ஐபீஸும் கேமராவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தலை கொஞ்சம் விலை கூடுதல், தேய்த்துக்கொண்டே திரையில் பார்க்க வேண்டியவர்களுக்கு அது தேவை. தலையைப் பிடிக்கும் வளையத்தின் உள்விட்டம் 76 மி.மீ. என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஸ்டாண்டை மட்டும் மாற்ற நேர்ந்தால் அந்த அளவுதான் கேட்பார்கள்.